பேட்டரிக்கு வைத்த பொட்டு

1

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையைப் பார்த்தால் ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். அரிவாள்மனை இருக்கும், மருமகள் ஜெயாவின் தையல் கத்தரி இருக்கும், மகனின் கம்ப்யூட்டரும் இரண்டு கார்ச் சாவியும் இருக்கும். இவற்றுக்கு நடுவில் மணைப்பலகை போட்டு, அதன்மேல் ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். ஒரு சிப்பம் அரிசியின் கனம், இருபத்தைந்து கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்கி வைக்க வேண்டும். அது கார் பேட்டரி இல்லை. எங்கள் மீன்பிடிப் படகில் இருக்கிற கரண்டு மோட்டாருக்கு உரியது.

இந்த வருடப் பூசை முந்தாநாள் முடிந்தது. சுண்டல் இன்னும் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது. போன பூசைக்கும் இந்தப் பூசைக்கும் நடுவில் அந்தப் பேட்டரியால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். இங்கே காலைப்பொழுதுக்குப் பஞ்சமில்லை.

எனக்குச் சொந்த ஊர் பாவநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம். வீட்டுக்காரர் நூல் மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எழுதவும் மாட்டேன். ஒரே மகன் குமார் கனடாவில் என்ஜினீயர் வேலையில் இருக்கிறான். அவன் கூப்பிட்டு நாங்கள் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. டொராண்டோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் எங்கள் ஊர் வரும். ஊரை ஒட்டி ஒரு ஏரி.

2

வந்த புதிதில் வீட்டுக்காரர் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் மில் சங்குக்கு எழுந்து, சைக்கிளில் பறந்து, மிஷினோடு மல்லுக்கு நின்றவர். இங்கே சங்கும் இல்லை, மிஷினும் இல்லை. மூட்டுவலியால் நெடுந்தூரம் நடக்கவும் முடியாது. ஏழு குளிர்காலம் அந்த ஜன்னலிலேயே போயிற்று. பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. பனி அள்ளுகிற வண்டி தெருவில் போனால் மட்டும் தலையை நிமிர்த்துவார்.

"பெல்ட்டு தேஞ்சி போச்சி அவனுக்கு. சத்தத்தக் கேளு" என்பார். மறுபடி தலை கவிழ்ந்துவிடும்.

இதைப் பார்த்துத்தான் குமார் போன வருடம் ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கிக் கொடுத்தான். ஊரில் கால்வாயில் தூண்டில் போட்டவர் ஆயிற்றே, இங்கேயும் போடட்டும் என்று. துடுப்புப் போட அவர் தோளும் முழங்காலும் ஒத்துழைக்காது. பெட்ரோல் இஞ்சினை அந்த ஏரியில் விடமாட்டார்கள், ஊரே குடிக்கிற தண்ணீர். ஆகவே கரண்டு மோட்டார். அதை இங்கே ட்ரோலிங் மோட்டார் என்கிறார்கள். படகின் பின்பலகையில் மாட்டுகிற ஒரு நீளக் கம்பி. மேலே கைப்பிடி. கீழே தண்ணீருக்குள் சுரைக்காய் மாதிரி ஒரு மோட்டார், அதன் முனையில் இரண்டு இதழ் விசிறி. கைப்பிடியைத் திருகினால் ஒன்றிலிருந்து ஐந்து வரை வேகம்.

முதல் நாள் அதை ஓட்டிவிட்டு அவர் சொன்னது:

"சத்தமே இல்லாம ஒரு மிஷினா? ஓடுதா, தூங்குதான்னு கையை வச்சித்தான் பாக்கணும் போல."

இந்தப் பொம்மை மோட்டாருக்கும் இங்கே ஒரு அட்டை வேண்டும். தூண்டில் போட எங்கள் வயதுக்கு அடையாள அட்டை போதும், மோட்டார் வைத்த படகை ஓட்ட மட்டும் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை ஆங்கிலத்தில். குமார் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தான். நீரோட்டத்துக்கு எதிரே போகும்போது சிவப்பு மிதவை எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, ஏரியில எதுலே எதிரு? தாமிரவருணின்னா பாவநாசம் மேல, திருநெல்வேலி கீழ. குட்டை மாதிரி கெடக்குத தண்ணியில எதப் பாத்துச் சொல்ல?"

"எப்பா, அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவனுக்குப் பாடம் எடுக்காதிய."

முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை தேறினார். அந்த அட்டையை மணிபர்சில் மில்லு அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். யாராவது வீட்டுக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டுவார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் எங்களுக்குப் படகு. வேலைக்குப் போகிற வழியில் ஜெயா இறக்கிவிடுவாள். நான் சேலைக்கு மேலே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அவர் இரண்டாம் வேகத்தில் பைய விடுவார். ஐந்தில் வைத்தால் படகு ஒன்றும் ஐந்து மடங்கு ஓடிவிடாது, பேட்டரிதான் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும். இரண்டில் வைத்தால் விடிந்ததிலிருந்து மதியம் வரை தாங்கும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் தெரிந்துகொண்டேன். ஏழு வருடம் பேசாத மனிதர் படகில் ஏறினால் வாய் மூடுவதில்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன் நாலைந்து மாட்டும். புளி கரைத்துக் குழம்பு வைத்தால் ருசியில் நம் ஊர்க் கெண்டைக்கு அரைவாசி வரும். அது போதும்.

ஜன்னலோர நாற்காலியை ஜெயா ஒரு நாள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

3

மில்லில் ஆயுத பூசை அன்றைக்கு மட்டும்தான் குடும்பத்து ஆட்களை உள்ளே விடுவார்கள். எப்போதும் காதை அடைக்கிற மிஷின்கள் அன்றைக்கு மூச்சுக் காட்டாமல் நிற்கும். கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வரிசை வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். நாங்கள் பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். "அதா, அந்த வரிசை என் பொறுப்பு" என்று அவர் கையை நீட்டுவார். பொரியும் கடலையும் பொட்டலமாகத் தருவார்கள். வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, மிஷின் ஓடி அதுவாக உதிர வேண்டும் என்பது அங்கே வழக்கம். இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

போன வருடம் படகோட்டம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் சரஸ்வதி பூசை வந்தது. என் வீட்டுக்காரரை ஜன்னலிலிருந்து எழுப்பிய மிஷினுக்குப் பூசை செய்யாமல் வேறு எதற்குச் செய்வது? பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தோம். அதன் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரிலிருந்து வரும் ஒயர்களின் முனையில் வளையம். வளையத்தை போல்ட்டில் கோத்து நட்டை முடுக்க வேண்டும். அதுதான் இணைப்பு.

எனக்கு அந்த இரண்டு குமிழும் இரண்டு நெற்றி மாதிரித் தெரிந்தது. பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்து, போல்ட்டைச் சுற்றி நன்றாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குளிர்காலம் முடிந்து இந்த வருடம் படகு இறங்கியதும், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டுப் பேட்டரிக்கும் பொட்டு வைப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை சார்ஜ் முடிந்து பேட்டரி தயாராக இருக்கும். மறுநாள் காலை ஏரிக்கரையில் அவர் வளையத்தைக் கோத்து முடுக்குவார். நடுவில் என் கை.

4

மே மாதம் முதல் சனிக்கிழமையே மோட்டார் இழுக்கவில்லை. இரண்டில் வைத்தால் ஒன்றின் வேகம். நாலில் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடி, விக்கி, நின்றுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓடும்.

வீட்டுக்காரருக்கு இது பிடித்திருந்தது என்றே சொல்வேன். பழுது பார்க்க ஒரு மிஷின் கிடைத்துவிட்டதே.

முதலில் விசிறியைக் கழற்றினார். உள்ளே தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருந்தது. "பாத்தியா, கழுத்த நெரிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு" என்று வெட்டி எடுத்தார். அடுத்த வாரமும் அதே கதை. பிறகு மோட்டாரை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கினார். விசிறி மேலே இருந்தால் காற்றைக் குடிக்கும், தள்ளாது. அதற்கும் சரிப்படவில்லை. பிறகு அவர் பார்வை என்மேல் திரும்பியது.

"ஏளா, நீ கொஞ்சம் முன்னால போய் உக்காரு."

"ஏன்? இங்கன இருந்தா என்ன?"

"மோட்டாரு பின்னால, நான் பின்னால, நீயும் பின்னால. படகு மூக்கத் தூக்கிக்கிட்டு மானத்தப் பாத்துப் போவுது. பேட்டரிய வேணா முன்னால வைக்கலாம், அதுக்கு ஒயரு நீளமாகும். நீள ஒயருல பாதி தெம்பு வழியிலயே போயிரும்."

"அப்பம் பேட்டரிக்குப் பதிலா நான் போவணுமாக்கும்."

"ரெண்டும் ஒரே கனந்தான்."

"நானு ஒரு சிப்பமா? நல்லா கண்ணத் தொறந்து பாருங்க."

"ரெண்டு சிப்பம். ஒண்ணு மரியாதைக்குக் கொறச்சிச் சொன்னேன்."

முறைத்துக்கொண்டேதான் முன்னால் போய் உட்கார்ந்தேன். படகு நேராயிற்று. மோட்டார் மட்டும் நேராகவில்லை.

கண்ணைத் திறந்து பாருங்கள் என்று நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே கண் மங்கியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. தூரத்துக் கரை தெரியும். கைக்கு அருகில் இருப்பதுதான் புகைபோட்ட மாதிரி. ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கே வைத்தியத்துக்குக் காசு கேட்பதில்லை, காத்திருப்பைத்தான் கேட்கிறார்கள். கடிதம் வரும். அந்தக் கடிதத்தில் அடுத்த கடிதம் வரும் என்று எழுதியிருக்கும். ஆகவே அவர் வளையத்தைத் தடவித்தான் போல்ட்டில் கோப்பார், விரல் கணக்கில்தான் நட்டை முடுக்குவார். ஒரு நாள் அப்படித் தொட்டபோது கையை உதறினார்.

"சுடுது."

"என்ன சுடுது?"

"நட்டு முடுக்குன எடம் சுடுது. இறுக்கித்தான் இருக்கு, பெறவு ஏன் சுடணும்?"

பிட்டருக்கு அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். கண் தெரிந்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கோ அது காதில் விழுந்ததும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மிஷினுக்குத் திருஷ்டி. அந்த வெள்ளிக்கிழமை சந்தனத்தை இன்னும் கெட்டியாகக் குழைத்தேன்.

மோட்டார் எவ்வளவு மோசமாக ஓடியதோ அவ்வளவு தாராளமாக நான் பொட்டு வைத்தேன்.

5

மோட்டாரின் தலையில் நாலு விளக்கு உண்டு. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். நாலாம் வேகத்தில் வைத்த உடனே அது ஒரு விளக்குக்கு இறங்கிவிடும். குமார் அதைப் பார்த்துவிட்டு, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதுப் பேட்டரி வாங்கி வந்தான்.

புதுப் பேட்டரி வீட்டுக்குள் வந்தால் சும்மா விடுவேனா? அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அப்படியும் வைத்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஏரியின் நட்ட நடுவில் மோட்டார் நின்றது. இந்தத் தடவை பொறுத்துப் பார்த்தும் எழவில்லை. காற்று எங்களை நாணல் காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவர் துடுப்பை எடுத்தார். பத்துத் தடவை போட்டிருப்பார், தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வாங்கிப் போட்டேன். படகு நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது.

கடைசியில் ஒரு சின்னத் தோணியில் வந்த இரண்டு பெண்பிள்ளைகள் எங்கள் படகில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பதினாறு பதினேழு வயது இருக்கும். சிரித்த முகமாகத்தான் இழுத்தார்கள். கரையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரிக் கூட்டம். நான் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டுப் பழகாதவள். சந்தைக்குக் கொண்டுபோகிற மாடு மாதிரி கயிற்றில் கட்டுண்டு, சேலை நனைந்து, அத்தனை பேர் முன்னால் கரையேறினேன். தலையை மட்டும் குனியவில்லை.

கரையில் ஏரிக் காவலர் ஒருவர் வந்து அட்டை கேட்டார். கயிறு, ஊதல், தண்ணீர் இறைக்கிற வாளி, மிதவைச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். காவலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு தாளில் என்னவோ எழுதி, எங்களைக் கூட்டிப்போக வந்த குமாரிடம் கொடுத்துவிட்டார். அந்தத் தாள்தான் வினையாயிற்று.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் குமார் பேசினான்.

"எப்பா, போதும். பேட்டரி புதுசு. மோட்டார் கடையில காட்டியாச்சி, நல்லாருக்குன்னுட்டான். பெறவு எங்க கோளாறு? மாட்டுததுலதான் கோளாறு. ஒங்களுக்குக் கண்ணு தெரியல, கை நடுங்குது. ரெண்டு பேருக்கும் என்னமும் ஆச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"கண்ணு ஆப்பரேசன் ஆவட்டும்டே."

"ஆவட்டும். ஆனபெறவு ஒரே ஒரு தடவ நானும் கூட வாரேன். நடுவழியில நின்னுச்சி, அல்லது ஒங்களால இத ஒழுங்காப் பாக்க முடியலன்னு தெரிஞ்சிச்சி, மறுநாளே வித்துருவேன். சண்ட போடக்கூடாது."

அவர் சண்டை போடவில்லை. சரி என்றார். வெளியூரில் படிக்கிற பேத்தி போனில் வந்து அவளுக்குத் தெரிந்த தமிழில், "தாத்தா, போட் வேண்டாம், டிவி பாருங்க" என்று சொன்னாள். அதற்கும் சரி என்றார். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, மாடியிலிருந்து அந்த நாற்காலி இறங்கியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே பனிகூட இல்லை, வெறும் வெயில். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

6

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வழியாகக் கடிதம் வந்து, இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, "ஒனக்கு எப்பம்ளா இவ்வளவு நரைச்சது?" என்று கேட்டார். மருந்து ஊற்றுகிற நாட்கள் முடிந்ததும் கார்க் கொட்டகைக்குப் போனார். குமார் கூட வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

நான் அந்தப் பக்கம் துணி எடுக்கப் போனேன். அவர் குனிந்து, பேட்டரியின் குமிழ்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைச் சுருட்டிப் பெயிண்டு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அவர் சாப்பிடப் போன பிறகு நான் அந்தத் துணியை எடுத்துப் பிரித்தேன். மஞ்சள். சிவப்பு. அங்கங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. விரலில் வைத்துப் பார்த்தேன். என் பூசையறை வாசனை.

வளையத்துக்கும் ஈயத்துக்கும் நடுவில், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகச் சுவர் எழுப்பியது நான்தான். சுட்டதும் அதனால், விக்கியதும் அதனால். புதுப் பேட்டரியைப் படுக்க வைத்ததும் அது. படித்தவளாக இருந்தால்தான் விளங்கும் என்று இல்லை. அடுப்பில் திரி கருகினால் தீ ஏறாது என்பது எனக்குத் தெரியாதா?

துணியை இருந்தபடி சுருட்டி வைத்தேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் அவரிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அவர் நியூஸ் பேப்பரை மடித்தார்.

"இன்னைக்குப் பேட்டரிக்குப் பொட்டு வைக்கலையா?"

"சந்தனம் தீந்து போச்சி."

"அப்படியா" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் ஏறினோம். குமார் நடுவில், நான் முன்னால், அவர் மோட்டாரோடு பின்னால். இரண்டில் வைத்தார். படகு பட்டுத்துணியில் ஊசி போகிற மாதிரிப் போயிற்று. நாலில் வைத்தார். முன்னால் இருந்த என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. விளக்கு நாலும் எரிந்தபடியே இருந்தது. கையை விட்டு முடுக்கைத் தொட்டுப் பார்த்தார், சுடவில்லை.

குமாருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"எப்பா! என்ன செஞ்சிய? பறக்குது!"

"ஒண்ணுமில்லடே. ஒயரு முடுக்கு லூசா இருந்திருக்கு. கண்ணு தெரியாம நான்தான் சரியா முடுக்கல."

குமாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பம் இத்தன மாசமும் லூசு ஒயரோடயா அம்மாவ நடு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனிய? தீப்பிடிச்சிருந்தா? நான் சொன்னது சரிதான். இன்னைக்கு ஓடுது. நாளைக்கு வேற ஒண்ண மறப்பிய. வேண்டாம்ப்பா. வித்துருவோம்."

அவர் கைப்பிடியைத் திருகி நாலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறக்கினார். முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் ஏழு குளிர்காலம் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகி ஐம்பது வருடத்தில் தப்பு என்னுடையது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மாமியாரிடம் சொன்னதில்லை. இவரிடம் சொன்னதே இல்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்லவேண்டிய நேரம் வரும் என்று நினைத்ததில்லை.

"ஏலே குமாரு. அப்பா மேல ஒண்ணும் இல்ல. நான்தான்."

"நீ என்னம்மா செஞ்சே?"

"சந்தனம் வச்சேன்."

"எங்க?"

"அந்த ரெண்டு தலையிலயும். ஒயரு மாட்டுத எடத்துல. வெள்ளிக்கெழம தவறாம."

குமார் அப்பாவைப் பார்த்தான். அவர் வானத்தில் போன ஒரு பறவையைப் பார்த்தார்.

"புது பேட்டரிக்குமா?"

"அதுக்கு ரெண்டு பங்கு."

"கடைக்காரன் ஒரு மணி நேரம் மீட்டர் வச்சித் தேடுனாம்மா!"

"அவனுக்குச் சந்தனம்னா என்னன்னு தெரியுமாலே? நீதான் என்ஜினீயரு, நீ வளையத்தக் கழத்திப் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. அது அவனுக்கும் உறைத்தது. தலையைக் குனிந்தான். அழுகிறானோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, சிரிக்கிறான். படகு இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது.

"ஏலே ஆடாத, கவுந்துரும்!" என்று அவர் கத்தினார். கத்திக்கொண்டே அவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. நேரே பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து திருகுகிற சின்னச் சத்தம் கேட்டது. படகு மறுபடி முன்னால் பாய்ந்தது. விற்பதைப் பற்றிக் குமார் அதற்குப் பிறகு வாயெடுக்கவில்லை. இறங்கும்போது, "அடுத்த வாரம் நானே கொண்டு வந்து விடுதேன்" என்று மட்டும் சொன்னான்.

7

அன்றைக்கு மீன் கழுவும்போது அவரிடம் கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் ஒங்க மேல போட்டுக்கிட்டிய?"

"மில்லுல பழுதுப் புத்தகத்துல காரணம்னு ஒரு கட்டம் உண்டு. அதுல சந்தனம்னு எப்படிளா எழுத?"

"மில்லுலயும் வைக்கத்தானே செஞ்சிய?"

"மிஷினோட இரும்புச் சட்டத்துலதான் வைப்போம். ஓடுத எடத்துலயும் கரண்டு போற எடத்துலயும் வைக்க மாட்டோம். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னவளுக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்க சொன்னிய?"

"நீ எங்க கேட்ட?"

மீன் செதிலைச் சற்று வேகமாகச் சுரண்டினேன்.

முந்தாநாள் பூசைக்கு நான் எல்லாவற்றையும் அடுக்கினேன். பேட்டரியை மட்டும் கேட்கவில்லை. அவரே ஜெயாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்து பலகையில் வைத்தார்கள். இந்தத் தடவை அது அதற்குரிய பெட்டிக்குள், மூடியோடு வந்தது. கறுப்பு மூடி. அதன் நடுவில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டிருந்தது. மில்லில் பாகங்களுக்குக் குறி போடுகிற மாதிரி, கை நடுங்காமல், சுத்தமாக.

நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். வட்டம் என் உள்ளங்கை அகலம் இருந்தது.

"பொட்டு வைக்க இவ்வளவு பெரிய எடமா?" என்றேன்.

"ஒனக்குக் கை தாராளம்லா" என்றார்.

வட்டம் நிறைய வைத்தேன். கோட்டுக்கு வெளியே போகவில்லை.